ஏட்டுச் சுரைக்காயா பிரசவ லீவு?

காலை ஆறரை மணிக்குக் கோவிலம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். நம் நாட்டுச் சட்டங்களின் யோக்கியதை தெரிந்துவிடும். கையில் சாப்பாட்டுத் தூக்குடன் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்துக்குப் போகும் தையல் தொழிலாளிப் பெண்கள் ஒரு பக்கம். துரைப்பாக்கம், பெருங்குடிக் கண்ணாடி மாளிகைகளைக் கூட்டித் துடைக்கப் போகும் காண்டிராக்ட் பெண்கள் ஒரு பக்கம். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்களும், சித்தாள் வேலைக்கு மேஸ்திரியை எதிர்பார்த்து நிற்பவர்களும் இன்னொரு பக்கம். இந்த ஊரே ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்தான். இன்று பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்ணின் தாயோ பாட்டியோ நாற்று நட்டவள், களை பறித்தவள்.

இந்த நாலு பெண்களும் பிள்ளைத்தாய்ச்சி ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் என்ன சொல்கிறது? "தாய்மார்களுக்கு 26 வார லீவு, முழுச் சம்பளத்துடன்! உலகத்தில் எத்தனை நாடுகளில் இது உண்டு?" என்று மார்தட்டுகிறது. நல்லது. அந்த 26 வாரத்தை இந்த நாலு பேரில் யார் அனுபவிக்கிறார்கள்?

தையல் தொழிலாளிக்கு, நிர்வாகம் அவள் பெயரை ரிஜிஸ்தரில் வைத்திருந்தால், உண்டு. காண்டிராக்ட் பெண்ணுக்கு ஏட்டில் உண்டு. ஆனால் வயிறு தெரிய ஆரம்பித்ததும் "அடுத்த மாதம் முதல் வரவேண்டாம்" என்று காண்டிராக்டர் சொன்னால் அவள் யாரிடம் போவாள்? சித்தாளுக்கு, நல வாரியத்தில் பதிந்திருந்தால், ஏதோ ஓர் உதவித் தொகை. சம்பளத்துடன் லீவு என்பது நடைமுறையில் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் சம்பளத்துடன் லீவு இல்லை. அவள் வராத மறுநாளே அந்த வீட்டுக்கு வேறொருத்தி வந்துவிடுவாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பிரசவ லீவு நம் உழைப்பாளிப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படி? சட்டம் போதாதா, அமுல் போதாதா? இரண்டும்தான். ஆனால் அதற்கும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் பெண்ணின் சொந்த விவகாரம், அதற்கு ஆகும் செலவு அவளை வேலைக்கு வைத்த முதலாளியின் தனி நஷ்டம் என்ற அடிப்படையில்தான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. இந்த அடிப்படையை மாற்றாமல், வாரக் கணக்கை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் உழைப்பாளிக்குப் பயனில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

சட்டம் தானாக வரவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பிரசவ லீவு யாரும் போட்ட பிச்சையல்ல. 1917 புரட்சிக்குப் பின் சில மாதங்களுக்குள் ரஷ்யத் தொழிலாளர் சர்க்கார், பிரசவத்துக்கு முன் 8 வாரமும் பின் 8 வாரமும் சம்பளத்துடன் ஓய்வு என்று ஆணையிட்டது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-இல் 12 வாரம் என்று தீர்மானித்தது. உலகெங்கும் தொழிலாளர் எழுச்சி கண்டு முதலாளித்துவ நாடுகள் பயந்திருந்த காலம் அது.

இந்தியாவில் 1928-இல் பம்பாய்ச் சட்டசபைக்குப் பிரசவ சகாய மசோதா வந்தது. மில் முதலாளிகளின் ஆட்கள் எதிர்த்தார்கள். டாக்டர் அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நன்மை, ஆகவே செலவில் பெரும் பங்கைச் சர்க்கார் ஏற்பதுதான் நியாயம். ஆனால் பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாயில் சட்டம் வந்தது. சில ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத்திலும் வந்தது.

நாடு முழுவதுக்குமான பிரசவ சகாயச் சட்டம் வர 1961 டிசம்பர் ஆயிற்று. சுதந்திரம் வந்து 14 ஆண்டுகள்! அப்போது கோவைத் தொகுதியின் கம்யூனிஸ்ட் உறுப்பினராக லோக்சபாவில் இருந்தவர் பஞ்சாலை, தோட்டத் தொழிலாளரின் தலைவர் தோழர் பார்வதி கிருஷ்ணன். 12 வாரமாக வந்த அந்தச் சட்டம், 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இரண்டு குழந்தைகள் வரை 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. வார எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. பழைய ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன.

12 ஞாயிற்றுக்கிழமைகள்

சட்டம் வந்தால் முதலாளி வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவானா? ஒரு கதை கேளுங்கள். கதையல்ல, கோர்ட் ரிகார்டு.

கோவை ஜில்லா மலைத் தோட்டம் ஒன்றில் ஒரு தொழிலாளிப் பெண். 1967 டிசம்பரில் அவளுக்குப் பிரசவம். அன்றைய சட்டப்படி 12 வாரம். வாரத்துக்கு ஏழு நாள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். 84 நாள் கூலி தரவேண்டும். தோட்ட முதலாளி என்ன செய்தார் தெரியுமா? "ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் இல்லை" என்று 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து, 72 நாளுக்குத்தான் கணக்கு முடித்தார்.

பச்சை உடம்புக்காரியின் 12 நாள் கூலி! அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. கோவை லேபர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாள். முதலாளி விடவில்லை. உயர் நீதிமன்றம், அங்கே அப்பீல், பிறகு சுப்ரீம் கோர்ட் என்று இழுத்தார். 1977 அக்டோபரில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அவள் பெற்ற பிள்ளைக்கு அப்போது பத்து வயது ஆகப்போகிறது.

டில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலிக்கு மண் சுமந்த பெண்கள் "நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் பிரசவமா?" என்று கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்கும் உரிமை உண்டு என்றது. நம் தருமபுரி ஜில்லாவில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மறுமணம் செய்து, அந்த மணத்தில் முதல் குழந்தை பெற்றார். முன் மணத்தில் இரண்டு குழந்தைகள் உண்டு என்று கணக்குக் காட்டி லீவை மறுத்தார்கள். 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அந்த மறுப்பை ரத்து செய்தது.

தீர்ப்புகள் நல்லவையே. ஆனால் ஒவ்வொரு தாயும் டில்லி வரை போய்த்தான் தொட்டில் கட்ட வேண்டுமா? யூனியன் பலமாக உள்ள இடத்தில் கேட்டிலேயே முடியும் விஷயம், யூனியன் இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டில் கிடக்கிறது. இதுதான் பாடம்.

முதலாளி கண்டுபிடித்த வழி

கோர்ட்டுக்குப் போகாமலே தப்பிக்கவும் முதலாளி வர்க்கம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பிள்ளை பெறக்கூடிய பெண்ணை வேலைக்கே எடுக்காதே! இதுதான் அந்த வழி.

பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நடந்தது என்ன? கலியாணமாகாத ஏழைப் பெண்களை மூன்று வருஷத்துக்கு எடுப்பது, ஹாஸ்டலில் அடைப்பது, முடிவில் ஒரு தொகையைக் கொடுத்துக் "கலியாணம் செய்துகொள்" என்று அனுப்பிவிடுவது. பெயரைப் பாருங்கள், சுமங்கலி! அவள் சுமங்கலி ஆனதும் மில்லுக்குத் தேவையில்லை. பிரசவச் சம்பளமும் இல்லை, காப்பகமும் இல்லை, சர்வீசும் இல்லை. இளமையின் மூன்று வருஷத்தைச் சக்கையாகப் பிழிந்துகொண்டு, அதற்குத் தாலியின் பெயரையும் சூட்டினார்கள்.

இது பழைய பஞ்சாலை முதலாளியின் புத்தி, புதிய கம்பெனிகள் அப்படியல்ல என்பார்கள். தாம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்கே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கலியாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. தொழிலாளர் துறை அதிகாரிகள் போய்ப் பார்த்து, பாரபட்சம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்த கணக்கு என்ன? ஆலையில் 33,360 பெண்கள். அவர்களில் கலியாணமானவர்கள் 2,750 பேர். அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர்! தமிழ்நாட்டில் கலியாணமான உழைப்பாளிப் பெண்களுக்கு என்ன பஞ்சமா? தேசிய மனித உரிமைக் கமிஷனே திருப்திப்படாமல் மீண்டும் ஆராயச் சொன்னது.

இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நம் அமைச்சர்கள் பெருமை பேசுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளை பெற்ற பிறகும் அதே மெஷினுக்குத் திரும்பி வருகிறார்கள் என்று எந்த அமைச்சராவது கணக்குச் சொல்வாரா?

செலவு யாருடையது?

இங்கே முதலாளிகளின் வக்கீல்கள் ஒரு வாதம் கொண்டு வருகிறார்கள். "பார்த்தீர்களா, லீவை நீட்டினால் பெண்ணுக்கு வேலையே கிடைக்காது. ஆகவே பெண்களின் நன்மைக்காகவே லீவைக் குறைக்க வேண்டும்" என்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை!

உண்மை என்ன? இ.எஸ்.ஐ.-யில் சேர்ந்த தொழிலாளிக்குப் பிரசவச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. எல்லா முதலாளிகளும் எல்லாத் தொழிலாளிகளும், ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல், சந்தா கட்டிய பொது நிதி அது. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. அந்த முதலாளி பத்துப் பெண்களை வைத்திருந்தாலும் நூறு பெண்களை வைத்திருந்தாலும், பிரசவத்துக்கென்று தனியாக ஒரு காசு அவன் பையிலிருந்து போவதில்லை. ஆனால் 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்திய சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்கும், இ.எஸ்.ஐ. எட்டிப் பார்க்காத இடங்களுக்கும் சட்டம் வேறு மாதிரி. அங்கே 26 வாரச் சம்பளம் முழுவதையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்காரனும் அதே சட்டம், ஆயிரம் கோடிக்காரனும் அதே சட்டம். ஆண்களை மட்டும் வைத்திருக்கிறவனுக்கோ ஒரு செலவும் இல்லை. பெண்ணை ஒதுக்குகிறவனுக்குச் சட்டமே பரிசு கொடுக்கிறது!

ஆகவே லீவைக் குறைப்பது பரிகாரம் அல்ல. செலவைப் பொதுவாக்குவதே பரிகாரம். அம்பேத்கர் 1928-இல் சொன்னது அதுதான். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதியதும் அதுதான்: கட்டாய இன்ஷ்யூரன்ஸ் மூலமோ பொது நிதியிலிருந்தோ கொடு, தனி முதலாளி தலையில் மட்டும் வைக்காதே. நாளை இந்த நாட்டின் ஆலையையும் வயலையும் நடத்தப்போவது இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைதானே? அந்தக் கைகளால் லாபம் அடையப்போகிற முழு முதலாளி வர்க்கமும், வரி வாங்கப்போகிற சர்க்காரும் இன்றே அந்தச் செலவில் பங்கு கொடுக்கட்டும்.

வயல் காட்டுக் கணக்கு

விவசாயத் தொழிலாளிப் பெண்ணின் கதையைச் சொல்ல நா கூசுகிறது. அவளுக்கு ரிஜிஸ்தர் இல்லை. முதலாளி யார் என்றே நாளுக்கு நாள் மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரம் என்றால் 182 நாள். கூலி 91,000 ரூபாய். நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 2018 முதல் 18,000 ரூபாய் என்று ஆயிற்று. அதிலும் 4,000 ரூபாய் சத்துணவுப் பெட்டிகள். இது மற்ற மாநிலங்களைவிட மேலானது, நாம் மறுக்கவில்லை. ஆனால் 18,000 என்பது 36 நாள் கூலி. மீதி 146 நாள்? அதற்குத்தான் வட்டிக்குக் கடன், அடகுக் கடை, இல்லாவிட்டால் நாற்பது நாள் ஆவதற்குள் பச்சை உடம்போடு வயலில் இறங்குவது.

டில்லி சர்க்காரின் யோக்கியதை இன்னும் மோசம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடு என்று எழுதிற்று. 2017-இல் பிரதமர் பெயரில் திட்டம் வந்தபோது அது 5,000 ஆகிச் சுருங்கிற்று. அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். சட்டத்தையே சர்க்கார் வெட்டிக் கொடுத்தால், மேஸ்திரி வெட்டாமல் இருப்பானா?

புதிய தொகுப்புச் சட்டத்தையும் புரட்டிப் பாருங்கள். ஆலைப் பெண்ணுக்கு இத்தனை வாரம், இவ்வளவு சம்பளம் என்று கணக்காக எழுதியிருக்கிறது. அமைப்புசாராப் பெண்ணுக்கோ "நலத் திட்டங்கள் வகுக்கப்படும்" என்கிறது. எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்று கேட்டால் பதில் இல்லை. ஒருத்திக்கு உரிமை, மற்றவளுக்கு வாக்குறுதி. பிரசவ வலியில் அப்படி ஏதாவது இரண்டு ரகம் உண்டா?

தகப்பனுக்கு என்ன பங்கு?

இனி நம் ஆண் தோழர்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவோம். தகப்பனுக்கும் லீவு வேண்டும் என்றால் நம்மிலேயே சிலர் சிரிக்கிறார்கள். "அவனுக்கு எதுக்கு லீவு? சீட்டு ஆடவா?" என்று கேட்கிறார்கள்.

மத்திய சர்க்கார் ஊழியனுக்கு 1997-இலிருந்து 15 நாள் தகப்பன் லீவு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு? பழைய சட்டத்திலும் ஒரு நாள் இல்லை. புதிய தொகுப்பிலும் ஒரு நாள் இல்லை. 2023-இல் தென்காசி ஜில்லாவில் காவல்துறை ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்கு லீவு கேட்டார். கொடுத்த லீவைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தகப்பன் லீவுக்கு இந்த நாட்டில் சட்டம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. ஒரு போலீஸ் அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், இரண்டு நாள் வராவிட்டால் கேட்டில் நிறுத்தப்படும் பதிலித் தொழிலாளியின் கதி என்ன?

முன்பெல்லாம் பிரசவத்துக்குத் தாய் வீடு இருந்தது, அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள். இன்று கோவிலம்பாக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்? ஊரில் உள்ள அம்மாவே அடுத்தவன் வயலில் கூலிக்கு நிற்கிறாள். அந்த வீட்டில் சுடுதண்ணீர் வைக்கவும், மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டவும், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஒரே ஆள் பிள்ளையின் தகப்பன்தான். அவனையும் இரவு ஷிப்டுக்கு இழுத்துக்கொண்டால் தாயின் லீவு லீவா?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லீவு பெண்ணுக்கு மட்டுமே என்று இருக்கும் வரை, முதலாளியின் பேரேட்டில் பெண் நஷ்டக் கணக்கு. ஆண் லாபக் கணக்கு. பிள்ளை பிறந்தால் ஆணும் லீவில் போவான் என்று சட்டம் வந்தால், யாரை ஒதுக்கி யாரை எடுப்பான்? சுவீடனில் 1974-இலேயே தாய் லீவைப் பெற்றோர் லீவாக மாற்றினார்கள். இன்று அங்கே 480 நாளில் தாய்க்கு 90, தகப்பனுக்கு 90 என்று ஒருவருடையதை மற்றவர் எடுக்க முடியாதபடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே தகப்பன் லீவு ஆணுக்குக் கொடுக்கும் சலுகை அல்ல. பெண்ணின் வேலையைக் காக்கும் கவசம். தாயின் 26 வாரத்தில் ஒரு நாளும் குறையாமல், அதற்கு மேலே அது வரவேண்டும்.

நாம் நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். எத்தனை யூனியன்களின் கோரிக்கைப் பட்டியலில் போனஸும் பஞ்சப்படியும் முதலில் வந்து, காப்பகமும் பிரசவச் சம்பளமும் கடைசிப் பக்கத்துக்குப் போயின? பேச்சுவார்த்தை இறுகும்போது முதலில் விட்டுக்கொடுத்தது எதை? கடைசிப் பக்கத்தைத்தான். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் இருவருடைய கூலியையும் குறைக்கலாம் என்பது அவன் பாலபாடம்.

நாம் கேட்பது

ஒன்று: ரிஜிஸ்தரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆலையோ வயலோ வீட்டு வேலையோ கட்டிட வேலையோ, உழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் 26 வாரப் பிரசவச் சம்பளம் சட்டப்படியான உரிமையாக வேண்டும். அது குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது.

இரண்டு: அதற்கு முதலாளிகளும் சர்க்காரும் பணம் போடும் பொது நிதி வேண்டும். பெண்களை வைத்திருக்கிறவன், வைத்திராதவன் என்று பாராமல் எல்லா முதலாளிகளிடமும் வசூலிக்க வேண்டும்.

மூன்று: தகப்பனுக்குச் சம்பளத்துடன் தனி லீவு வேண்டும்.

நான்கு: 50 பேர் இருந்தால்தான் காப்பகம் என்பது போதாது. ஆலை வாசலிலும், கோவிலம்பாக்கம் போன்ற உழைப்பாளிக் குடியிருப்புகளிலும் சர்க்கார் காப்பகம் வேண்டும். ஷிப்டு முடியும் வரை அது திறந்திருக்க வேண்டும்.

ஐந்து: கலியாணத்தையும் கர்ப்பத்தையும் காரணம் காட்டி வேலை மறுப்பவன், காண்டிராக்டரானாலும் கம்பெனியானாலும், தண்டனை பெற வேண்டும். காண்டிராக்டர் ஓடிவிட்டால் மூல முதலாளியே சம்பளம் கொடுக்க வேண்டும்.

2021 ஜூலை முதல் தமிழக அரசு ஊழியப் பெண்களுக்கு ஓராண்டு லீவு கிடைத்திருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் காண்டிராக்ட் பெண்ணுக்கு அதில் எத்தனை நாள் என்று கேட்கிறோம்.

தோழர்களே! இந்த இதழைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். அடுத்த கேட் மீட்டிங்கில், அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். சென்ற வருஷம் நம் ஆலையில், நம் கிராமத்தில் பிள்ளை பெற்ற உழைப்பாளிப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் பிரசவச் சம்பளம் வாங்கியவர் எத்தனை பேர்? அதே வேலைக்குத் திரும்பியவர் எத்தனை பேர்? அந்த மூன்று எண்களையும் தட்டியில் எழுதி வாசலில் வையுங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தில் அவற்றை ஏற்றுங்கள். ஆண் தோழர்கள் முன்னால் நின்று கையெழுத்துப் போடுங்கள்.

12 ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்காக ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் டில்லி வரை விட்டுக்கொடுக்காமல் நின்றாள். அவளுடைய பேத்திகள் இன்று தையல் மெஷினிலும் நாற்றங்காலிலும் நிற்கிறார்கள். அவர்களைத் தனியாக நிற்கவிடுவது உழைப்பாளி இயக்கத்துக்கு அழகல்ல.

பிரசவ லீவு சலுகையல்ல, உரிமை! தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த உரிமையை ஒன்றுபட்டு வெல்வோம்!